கத்திரி வெயில், ஐப்பசி மழை, ஊட்டிக் குளிர்... பைக்கில் போகிறவர்கள் எதை அணிய வேண்டும்?

தமிழ்நாட்டில் பைக் ஓட்டுகிறவர் ஒரே காலையில் இரண்டு பருவங்களைப் பார்த்துவிடலாம். ஜனவரி மாத விடியலில் ஊட்டியிலிருந்து கிளம்பினால் கை விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கவே சிரமமாக இருக்கும். குன்னூர் தாண்டி பர்லியார் பக்கம் வளைவுகளில் இறங்க இறங்க ஸ்வெட்டர் உறுத்த ஆரம்பிக்கும். மேட்டுப்பாளையத்தில் டீக்கடையில் நிற்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மொத்த தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான்.

மே மாதத்தில் வேலூர் சாலையும், நவம்பரில் சென்னைச் சாலையும், ஆடியில் ஆரல்வாய்மொழிச் சாலையும் வேறு வேறு ஊர்கள் போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பைக்குக்கென்று இருப்பவை இரண்டே பொருள்கள்: ஒரு ஹெல்மெட், ஒரு ரெயின்கோட். சில வீடுகளில் ரெயின்கோட்டும் கிழிந்திருக்கும்.

ரைடிங் கியர் விற்கும் கடைகளுக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘எல்லா சீசனுக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட் இருக்கா?’ என்பது. வெயில், மழை, குளிர் மூன்றையும் முழுதாகச் சமாளிக்கும் ஒரே ஜாக்கெட் கிடையாது. ஆனால் எதை முதலில் வாங்குவது, எதன் மேல் எதைப் போடுவது என்று தெரிந்தால், நாலைந்து பொருள்களை வைத்தே வருடம் முழுக்க ஓட்டிவிடலாம். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஏன் இவ்வளவு கவலை?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 100-க்கு 44 பேருக்கும் மேல் டூ வீலரில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 35,692 பேர் வண்டி ஓட்டியவர்கள். மீதி 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள்.

சரியான ஹெல்மெட்டைச் சரியாக அணிந்தால் மரண ஆபத்து சுமார் 42 சதவிகிதமும், தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவிகிதமும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாத மளிகைச் செலவைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் ஒரு பொருள் செய்கிற வேலை இது.

ஹெல்மெட்: எல்லாப் பருவத்துக்கும் முதல் பொருள்

2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாத டூ வீலர் ஹெல்மெட்டை இந்தியாவில் தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். இருந்தாலும் சாலையோரக் கடைகளில் முத்திரையை ஸ்டிக்கராக ஒட்டி விற்கும் ஹெல்மெட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, முத்திரைக்கு மேலே ‘ஐ.எஸ். 4151’ என்ற எண் இருக்க வேண்டும். இது டூ வீலர் ஹெல்மெட்டுக்கான தர எண். கட்டடத் தொழிலாளர்கள் அணியும் மஞ்சள் ஹெல்மெட்டிலும் ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கலாம். அதன் எண் 2925. மேலேயிருந்து விழும் பொருளைத் தாங்கத்தான் அது. அதை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுவதால் போலீஸ் அபராதமும் மிஞ்சாது, மண்டையும் மிஞ்சாது.

இரண்டாவது, முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்துக்கு எந்தப் பொருளுக்காக உரிமம் தரப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றுகொண்டே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, அளவு. புருவத்துக்குச் சற்று மேலே, தலையைச் சுற்றி டெய்லர் டேப்பால் அளந்துகொண்டு போங்கள். மாட்டியதும் கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும். நெற்றியில் வலி இருக்கக் கூடாது. பட்டையைப் பூட்டிவிட்டுத் தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. ‘கொஞ்சம் பெரிசா இருந்தா காத்து போகும்’ என்று வாங்குகிறவர்கள் அதிகம். விழும்போது முதலில் கழன்று ஓடுவது அந்தப் பெரிய ஹெல்மெட்தான்.

முகவாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் எல்லாப் பருவத்துக்கும் நல்லது. கீழே விழுகிறவர்களுக்கு தாடையில் அடிபடுவது சாதாரணம். பாதி ஹெல்மெட்டால் அதைத் தடுக்க முடியாது. வெயிலில் புழுக்கமாக இருக்கிறது என்றால் காற்றுத் துளைகள் அதிகம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கலாம்.

அடுத்தது எது?

கையில் இருக்கும் பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது. வரிசை இப்படி இருக்கட்டும்: ஹெல்மெட், கிளவுஸ், ஷூ, ஜாக்கெட், முழங்கால் கார்டு அல்லது ரைடிங் பேன்ட்.

ஜாக்கெட்டுக்கு முன்னால் கிளவுஸ் ஏன்? கீழே விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். யோசித்துச் செய்வது இல்லை, அனிச்சையாக நடப்பது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் உள்ளங்கையைத் தார்ச் சாலையில் தேய்த்தால் என்ன மிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை காயப்பட்டால் சாப்பிடுவது முதல் சட்டைப் பொத்தான் போடுவது வரை வாரக்கணக்கில் அடுத்தவர் உதவி வேண்டும்.

ஷூ என்றால் கணுக்காலை மூட வேண்டும், அடிப்பாகம் வழுக்கக் கூடாது, கயிறு இருந்தால் உள்ளே செருகியிருக்க வேண்டும். ரைடிங் பூட் வாங்க முடியாதவர்கள், தொழிற்சாலைகளில் அணியும் உயரமான சேஃப்டி ஷூவில் தொடங்கலாம். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். விழுந்த நொடியில் அது காலில் இருக்காது.

ஜீன்ஸ் போட்டிருக்கிறேன், போதாதா என்று கேட்பார்கள். சாதாரண ஜீன்ஸ் துணி சாலையில் உரசினால் நொடிப்பொழுதில் கிழிந்துவிடும். நைலான், பாலியஸ்டர் டிராக் பேன்ட் இன்னும் மோசம். உராய்வுச் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜாக்கெட் லேபிளைப் படிப்பது எப்படி?

பார்ப்பதற்கு ரைடிங் ஜாக்கெட் போலவே இருக்கும் ஃபேஷன் ஜாக்கெட்டுகள் சந்தையில் நிறைய. உள்பக்க லேபிளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஐரோப்பாவின் இ.என். 17092 என்ற தர அளவுகோல், ரைடிங் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என வகை பிரிக்கிறது. உராய்வையும் கிழிசலையும் அதிகம் தாங்குவது ஏஏஏ. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ஏஏ நல்லது. நகரத்துக்குள் ஓட்டவும் வெயில் காலத்துக்கும் ஏ. இதில் ‘பி’ என்றால் உராய்வுப் பாதுகாப்பு மட்டும் உண்டு, அடி தாங்கும் தகடு இல்லை என்று அர்த்தம். ‘சி’ என்பது வலை போன்ற உடையில் தகடுகள் மட்டும் பொருத்தியது. உராய்வைத் தாங்காது, ஜாக்கெட்டோடு சேர்த்து அணிய வேண்டும்.

தோள், முழங்கை, முழங்கால், முதுகில் வைக்கும் தகடுகளுக்குத் தனித் தரம் உண்டு. ஆய்வகத்தில் குறிப்பிட்ட அளவு இடியைக் கொடுத்து, தகட்டைத் தாண்டி உடல் பக்கம் எவ்வளவு விசை போகிறது என்று அளக்கிறார்கள். கை, கால் தகடுகளில் லெவல் 1 என்றால் சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது. லெவல் 2 என்றால் 20. முதுகுத் தகட்டில் லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் லெவல் 2 வாங்குவதே நல்லது.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பகுதியில் தகட்டுக்குப் பதிலாக வெறும் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். கையை விட்டு எடுத்துப் பாருங்கள். அதில் சி.இ முத்திரையும் லெவல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகுத் தகட்டைத் தனியாக வாங்கிப் போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

ஜாக்கெட்டைக் கண்ணாடி முன்னால் நின்று மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலக் கையை நீட்டுங்கள். முழங்கைத் தகடு முழங்கையிலேயே இருக்கிறதா, கையைத் திருகினால் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் விழும்போதும் நகரும்.

கத்திரி வெயில்: காற்றும் சுடும்போது

மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டால் வேலூர், திருத்தணி, கரூர், மதுரை பக்கம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். கடலோரச் சென்னையிலேயே 2003 மே மாதத்தில் 45 டிகிரி பதிவானது. இந்த வெயிலில் ஜாக்கெட்டா என்று முகம் சுளிப்பது இயல்பு.

இந்தப் பருவத்துக்கான ஜாக்கெட் மெஷ் வகை. நெஞ்சிலும் முதுகிலும் வலைத்துணி, தோளிலும் முழங்கையிலும் தடித்த துணி. வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து வியர்வையை ஆற்றும். நகரத்து சிக்னலில் நிற்கும்போது புழுங்கத்தான் செய்யும். நிறம் வெளிர் சாம்பல் போல இருந்தால் சூடு குறையும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. நம் தோலின் வெப்பம் சுமார் 34, 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரை, காற்று பட்டால் உடம்பு குளிரும். காற்றே 40 டிகிரி என்றால், அது உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவரும். அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டும்தான். அனல்காற்று வேகமாக அடிக்கும்போது வியர்வை தெரியாமலேயே காய்ந்துவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று தோன்றும். உள்ளே நீர் வற்றிக்கொண்டிருக்கும்.

சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு ஓட்டினால் குளுமையாக இருக்கும் என்பதும் இதனால்தான் தப்பு. வெயில் நேரே தோலில் விழுந்து, அனல்காற்றும் நேரே அடிக்கும். முழுக்கைத் துணி அணிவதே நல்லது. ஜாக்கெட்டுக்குள் போடும் மெல்லிய பருத்தி பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்ளலாம். கழுத்தில் ஈரத்துண்டு சுற்றலாம். நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், மணிக்கு ஒரு தடவையாவது நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ் எல்லாமே உதவும். தலைவலி, குமட்டல், கண் மங்குவது, யோசனை தடுமாறுவது என்று தெரிந்தால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள். நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

கருப்பு வைசர் பகலுக்கு மட்டும். மாலையில் கிளம்பி இரவில் திரும்புகிறவர்கள், தெளிவான வைசர் வைத்துக்கொண்டு உள்ளே கூலிங் கிளாஸ் அணிவது நல்லது. இருட்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிடலாம்.

ஐப்பசி மழை: நனையாமல் இருப்பதைவிட, தெரிவது முக்கியம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. அதுவும் மாலையில் அலுவலகம் விடும் நேரத்தில் பிடித்துக்கொண்டால், பாலத்துக்குக் கீழே ஒதுங்கும் கூட்டத்தில் பாதி பேரிடம் ரெயின்கோட் இருக்காது.

வாங்கும்போது சட்டை, பேன்ட் எனத் தனித்தனியாக இருக்கும் ரெயின் சூட்டாக வாங்குங்கள். போர்வை போல மூடும் பாஞ்சோ வகை நடப்பவர்களுக்கானது. வண்டியில் அது காற்றில் படபடத்து, செயினிலோ சக்கரத்திலோ சிக்கிக்கொள்ளும். தையல் ஓரங்களை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். டேப் ஒட்டி அடைத்திருந்தால்தான் தண்ணீர் உள்ளே வராது. துணி எவ்வளவு நல்லதானாலும் ஊசித் துளை வழியாக நீர் இறங்கும்.

சில ரைடிங் ஜாக்கெட்டுகளில் மழை லைனர் உள்ளே வரும். அதைப் போட்டால் உடம்பு நனையாது. ஆனால் வெளி ஜாக்கெட் முழுக்கத் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், குளிரும், மறுநாள் காலைக்குள் காயாது. தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜாக்கெட்டுக்கு மேலே போடும் ரெயின் சூட்தான் வசதி. கடைக்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போய், அதற்கு மேல் சரியாக இருக்கும் அளவில் வாங்குங்கள்.

ரெயின் பேன்ட் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும். ஷூவுக்குள் செருகினால் தண்ணீரெல்லாம் ஷூவுக்குள்தான் இறங்கும். கிளவுஸ் நனைந்து கை குளிர்ந்தால் பிரேக் பிடிக்கும் வேகம் குறையும். வாட்டர்ப்ரூஃப் கிளவுஸ் இல்லையென்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பர் கிளவுஸை முதலில் மாட்டி, மேலே வழக்கமான கிளவுஸைப் போடலாம்.

நிறம்தான் மழைக் கோட்டில் பெரிய விஷயம். கடைகளில் அதிகம் தொங்குவது கருப்பும் கருநீலமும். மழை பெய்யும் மாலையில், கண்ணாடியில் நீர் வழியும் லாரி ஓட்டுநருக்குக் கருப்பு ரெயின்கோட் தெரியவே தெரியாது. பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ பகலில் எடுத்துக் காட்டும். இருட்டிய பிறகு அந்த நிறங்களும் மங்கிவிடும். ஹெட்லைட் பட்டால் திருப்பி ஒளிரும் ரிஃப்ளெக்டர் பட்டைதான் அப்போது கைகொடுக்கும். முதுகிலும் கைகளிலும் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரிஃப்ளெக்டர் வெஸ்ட் ஒன்று வாங்கி மேலே மாட்டிக்கொள்ளலாம்.

மழையில் வைசர் உள்பக்கம் மூச்சுக்காற்றில் மங்கும். வைசரை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் மழைத்துளி ஊசி போலக் கண்ணில் குத்தும். மழை விட்ட சாயங்காலத்தில் ஈசல் வேறு. பின்லாக் எனப்படும் உள்கண்ணாடி பொருத்தும் வசதி ஹெல்மெட்டில் இருந்தால் அது மங்குவதைத் தடுக்கும். இல்லாதவர்கள் ஆன்டி ஃபாக் ஸ்பிரே பயன்படுத்தலாம். கீறல் விழுந்த வைசரை மழைக் காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். எதிர்வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் சிதறி, சாலையே தெரியாமல் போகும்.

ஆடிக் காற்று: தளர்வாக எதுவும் வேண்டாம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலைக் கணவாய்கள் வழியாக அள்ளிக்கொண்டு வரும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே பொள்ளாச்சி, உடுமலை. செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரே தென்காசி. தெற்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடங்களே, காற்று எங்கே பலமாக அடிக்கும் என்பதற்கு அடையாளம்.

இந்தக் காற்றில் தளர்வான ஜாக்கெட் பாய்மரம் போல உப்பி, வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். கையிலும் இடுப்பிலும் உள்ள பட்டைகளை இறுக்கிவிடுங்கள். முன்னால் நீளமான தொப்பி போல நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட் பார்க்க அழகாக இருக்கலாம். எதிர்க்காற்றில் அது தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்தை வலிக்கச் செய்யும். மண்ணும் தூசியும் பறப்பதால் வைசரை இறக்கியே ஓட்டுங்கள்.

பின்னால் உட்கார்ந்தபடி குடை பிடிப்பது எந்தக் காற்றிலும் கூடாது. குடை மடங்கிய நொடியில் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுத்துவிடும்.

மலைக் குளிர்: தடிமன் வேண்டாம், அடுக்கு வேண்டும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் தாழ்வான பகுதிகளில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு அருகே போய் உறைபனி படியும். பைக்கில் போகும்போது அந்தக் குளிர் இன்னும் கூடும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போலத் தெரியும்.

கம்பளி ஸ்வெட்டர் காற்றைத் தடுக்காது. ஓட்டை வழியாகக் குளிர் ஊடுருவும். மூன்று அடுக்காக அணிவது நல்லது. உடம்பை ஒட்டி, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய முழுக்கை பனியன். அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி. வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். மெஷ் ஜாக்கெட் மட்டும் வைத்திருப்பவர்கள் அதன்மேல் ரெயின் சூட்டைப் போட்டுக்கொண்டால் போதும், காற்று அடைபட்டுவிடும். அந்தக் காலத்தில் விடியற்காலையில் சைக்கிளில் பால் ஊற்றப் போகிறவர்கள் சட்டைக்குள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வார்கள். அவசரத்துக்கு இன்றும் அது வேலை செய்யும்.

கழுத்தும் விரலும்தான் முதலில் விறைக்கும். கழுத்துக்குத் துணிக் குழாய் போன்ற நெக் கெய்ட்டர் வாங்குங்கள். மஃப்ளர் போட்டால் நுனி வெளியே தொங்கக் கூடாது. விரல் விறைத்துவிட்டால் நிறுத்துங்கள். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கும் கிளட்சும் விரலை நம்பித்தான் இருக்கின்றன. கல்லட்டியில் 36 வளைவு, வால்பாறையில் 40, கொல்லிமலையில் 70 என்பதை நினைவில் வையுங்கள்.

இறங்கும்போது ஓர் அடுக்கைக் கழற்றி வைக்கப் பையில் இடம் விட்டுக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்போடு மறுபடி குளிருக்குள் போனால் ஈரம் இரண்டு மடங்கு நடுக்கும்.

பின்னால் உட்காருபவர் யார்?

பல வீடுகளில் ஓட்டுகிறவருக்கு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் இருக்கும். பின்னால் உட்காரும் மனைவிக்கோ அம்மாவுக்கோ, போலீஸைப் பார்த்தால் மாட்டிக்கொள்ள ஒரு பாதி ஹெல்மெட். விழும்போது இருவரும் ஒரே வேகத்தில்தான் விழுவார்கள். பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லை, முன்னால் வரும் பள்ளமும் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோகவும் வாய்ப்புண்டு. பட்டையைப் பூட்டாமல் தலையில் வைத்திருப்பதும் மீறல்தான்.

ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு 2023 பிப்ரவரி 15 முதல் தனி விதி நடைமுறையில் இருக்கிறது. குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும்; தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும், தரமான சைக்கிள் ஹெல்மெட்டும் ஏற்கப்படும்; வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரியவர்களின் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிடுவது ஆபத்து. கழுத்து தாங்காது, கண்ணும் மறையும்.

புடவை, சுடிதார் அணிபவர்கள் முந்தானையை இடுப்பில் செருகி, துப்பட்டாவை முன்பக்கம் முடிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தில் துணி சிக்குவதைத் தடுக்கப் பின்சக்கரத்தைப் பாதியாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நாம் சொல்லும் ‘சேரி கார்டு’ அதுதான். அழகைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றாதீர்கள். உச்சிக் கொண்டையும் தடித்த பூச்சரமும் ஹெல்மெட்டைத் தலையில் உட்காரவிடாது. பின்னலைத் தாழ்வாகப் போட்டு, பூவைப் போய்ச் சேர்ந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்க வண்டியில் இருப்பவர்கள்

உணவு டெலிவரி, கூரியர், மருந்துப் பிரதிநிதி என்று பத்து மணி நேரம் ரோட்டில் இருப்பவர்களுக்கு முழு ரைடிங் சூட் சாத்தியமில்லை. மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், லிஃப்டில் நிற்க வேண்டும். அவர்களுக்கு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், மெல்லிய கிளவுஸ், கணுக்கால் ஷூ, பேன்ட்டுக்கு மேலே கட்டும் முழங்கால் கார்டு, ரிஃப்ளெக்டர் வெஸ்ட் ஆகிய ஐந்தும் போதும். வேலையைத் தடுக்காது. ஒரு தடவை முழங்கால் உடைந்தால் போகும் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், விலையும் பெரிதில்லை.

கழுவுவது, காய வைப்பது, தூக்கிப் போடுவது

* ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கினால் மீளாது. வெளியே விரிசல் தெரிய வேண்டும் என்பதில்லை.
* பழைய ஹெல்மெட்டை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். ஜாக்கெட் வாங்கலாம், தையலையும் தகடுகளையும் பார்த்து வாங்குங்கள்.
* பெட்ரோல், தின்னர் கொண்டு ஹெல்மெட்டையோ வைசரையோ துடைக்காதீர்கள். மென்மையான சோப்பு நீர் போதும்.
* ஜாக்கெட்டைக் கழுவும் முன் தகடுகளை எடுத்துவிட்டு, கையால் அலசி நிழலில் காய வையுங்கள். தகடுகளைத் திரும்பப் போடும்போது எந்தப் பக்கம் உள்ளே என்று பார்த்துப் போடுங்கள்.
* ரெயின்கோட்டை ஈரத்தோடு சீட்டுக்கு அடியில் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தையல் டேப்பும் உரிந்துவிடும்.

ஒரு குடும்பத்துக்கான கணக்கு

ஐ.எஸ்.ஐ ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் சுமார் 1,000 ரூபாயிலிருந்தும், கிளவுஸ் 1,000 ரூபாயிலிருந்தும், முழங்கால் கார்டு ஏறக்குறைய அதே விலையிலிருந்தும், தையல் அடைத்த ரெயின் சூட் 1,500 ரூபாய் அளவிலிருந்தும், தகடுகளோடு வரும் மெஷ் ஜாக்கெட் 5,000 ரூபாய் அளவிலிருந்தும் கிடைக்கின்றன. பிராண்டைப் பொறுத்து விலை ஏறும்.

முதல் மாதம், வண்டியில் ஏறும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு நல்ல ஹெல்மெட். இரண்டாவது மாதம், கிளவுஸும் ஷூவும். மழைக்கு முன்பாக ரெயின் சூட். தீபாவளி போனஸிலோ பொங்கல் சமயத்திலோ ஜாக்கெட். ஓட்டுகிறவருக்கு 6,000 ரூபாய் ஜாக்கெட் வாங்கிவிட்டு, பின்னால் உட்காருபவருக்கு 300 ரூபாய் ஹெல்மெட் வாங்கும் வீடாக இருந்தால், ஜாக்கெட்டை ஆறு மாதம் தள்ளிவைத்து அந்த ஹெல்மெட்டை முதலில் மாற்றுங்கள்.